ஒரு வரித் திருத்தம்

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் என்பது, கணினியின் வன்பொருளுக்கும் அதன்மேல் ஓடும் நிரல்களுக்கும் நடுவே நின்று, எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம், எந்தக் கோப்பைத் தொட அனுமதி என்பதையெல்லாம் தீர்மானிக்கும் மென்பொருள். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. இன்று அதன் மூலநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும், இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பகுதியும், 2017 நவம்பர் முதல் உலகின் முன்னணி 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் அதன்மீதே இயங்குகின்றன. ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளியாகும் ஒவ்வொரு பதிப்பிலும் ஏறக்குறைய பத்தாயிரம் அல்லது அதற்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. புதிய வசதிகளைக் கொண்டுவரும் பெரிய மாற்றங்களே செய்தியாகின்றன என்றாலும், அவற்றோடு சேர்ந்து வருபவற்றில் பல, சில வரிகளுக்கு மேற்படாத சிறு திருத்தங்கள்: எழுத்து இடம்மாறிய ஒரு சொல், விடுபட்டுப்போன ஒரு சோதனை, வாங்கிவிட்டுத் திருப்பித் தராத ஒரு துண்டு நினைவகம். ஐந்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய இத்தகைய திருத்தத்தைச் சேர்ப்பதற்கு ஏன் இத்தனை நடைமுறை, ஏன் இத்தனை கண்டிப்பு என்ற கேள்வி புதியவர்களுக்கு எழுவது இயல்பு. அந்த நடைமுறை முழுவதும் திருத்தத்தை எழுதுபவரின் வசதிக்காக அன்றி, அதை வாசித்துப் பொறுப்பேற்பவரின் நேரத்தைக் காப்பதற்காக அமைந்தது என்பதே அதற்கு விடை.

கெர்னலுக்கு அனுப்பப்படும் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். பழைய தமிழ் நூல்களின் கடைசியில் பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி கட்டி ஒட்டப்பட்டிருக்கும் பிழைதிருத்தப் பட்டியலின் அதே வேலையைத்தான் அதுவும் செய்கிறது; நீக்க வேண்டிய வரியின் முன் கழித்தல் குறியும் சேர்க்க வேண்டிய வரியின் முன் கூட்டல் குறியும் இட்டு, மேலும் கீழும் மாறாத மூன்று வரிகளைச் சூழலுக்காகத் தருவது வழக்கம். அந்த மூன்று வரிகள் அலங்காரத்துக்கு உள்ளவை அல்ல. இடைப்பட்ட காலத்தில் வேறு யாரோ அதே கோப்பில் இருபது வரி சேர்த்திருந்தாலும், வரியின் எண்ணை நம்பாமல் சூழலை அடையாளம் கண்டு திருத்தத்தைச் சரியான இடத்தில் பொருத்த அவை உதவுகின்றன. லாரி வால் 1985-இல் எழுதிய, பேட்ச் என்றே பெயர்கொண்ட சிறு நிரல் இந்த வேலையைத் தானாகச் செய்யத் தொடங்கியதால்தான், ஒருவரையொருவர் நேரில் பாராதவர்கள் கூட்டாக மென்பொருள் எழுதும் பழக்கம் நடைமுறைக்கு வந்தது என்று சொல்வது மிகையாகாது.

சிறு திருத்தம் என்ற ஒரே பெயருக்குள் மிக வேறுபட்ட பொருள்கள் அடங்கியிருக்கின்றன. விளக்கக் குறிப்பிலுள்ள எழுத்துப்பிழையைச் சரிசெய்வதும் சிறு திருத்தம்தான். கணினியை மாதக்கணக்கில் அணைக்காமல் வைத்திருக்கும் நிறுவனத்தின் சர்வரை நிலைகுலையாமல் காப்பதும் சிறு திருத்தமாக இருக்கலாம். இரண்டாவது வகை எப்படிப்பட்டது என்பதை ஒரு டிரைவரின் தொடக்கப் பகுதியைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். டிரைவர் என்பது ஒரு குறிப்பிட்ட வன்பொருளோடு கெர்னல் பேசுவதற்கான பகுதி. அந்த வன்பொருள் கண்டறியப்பட்டதும் டிரைவர் முதலில் நினைவகம் கேட்டு வாங்குகிறது, அடுத்து அந்த வன்பொருளின் கடிகாரத் துடிப்பை முடுக்குகிறது, மூன்றாவதாக வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும்போது நிரலின் எந்தச் சார்பை, அதாவது ஒரு வேலைக்கென எழுதிய எந்தத் தனிப்பகுதியை, ஓட்ட வேண்டும் என்று பதிவுசெய்கிறது. மூன்றாவது படி தோற்றால், ஏற்கெனவே செய்த இரண்டையும் தலைகீழ் வரிசையில், அதாவது முதலில் கடிகாரத்தை நிறுத்திப் பிறகு நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்து, வெளியேற வேண்டும். கெர்னல் பெரும்பாலும் எழுதப்பட்டுள்ள சி மொழியில் இந்தத் துப்புரவு தானாக நடப்பதில்லை என்பதால், பிழை நேர்ந்தால் சார்பின் அடியிலுள்ள துப்புரவுப் பகுதிக்குத் தாவும்படி கோட்டு என்ற கட்டளையை எழுதுகிறார்கள். ஓரிடத்தில் மட்டும் கோட்டு என்று எழுத வேண்டியதற்குப் பதிலாக எழுதியவர் அவசரத்தில், சார்பிலிருந்து நேரே வெளியேற்றிவிடும் ரிட்டர்ன் என்று எழுதிவிட்டால், பிழை நேரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நினைவகம் யாருக்கும் பயனின்றிச் சிக்கிக்கொள்கிறது. சோதனைக்கூடத்தில் அந்தப் பிழை நேர்வதே இல்லை என்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. திருத்தம் ஒரே வரி. அதைக் கண்டுபிடிக்கவோ, பிறர் எழுதிய சார்பை முழுவதுமாகப் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

திருத்தத்தைவிட அதற்கு எழுதவேண்டிய குறிப்பு நீளமாக இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் வியப்பதுண்டு. தலைப்பு வரியில் முதலில் கெர்னலின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்றும், பின்னர் என்ன செய்கிறது என்றும் எழுபத்தைந்து எழுத்துக்குள் ஏவல் வடிவத்தில் சொல்ல வேண்டும். குறிப்பின் உடலில் என்ன மாற்றினேன் என்பதைவிட ஏன் மாற்ற நேர்ந்தது, மாற்றாவிட்டால் பயனருக்கு என்ன நேரும் என்பதை விளக்க வேண்டும். என்ன மாறியது என்பதைப் பேட்சே காட்டிவிடும். ஏன் என்பதை அது காட்டாது. முன்னர் யாரோ செய்த மாற்றத்தால் விளைந்த பிழையைத் திருத்துவதாக இருந்தால், ஃபிக்ஸஸ் என்று தொடங்கும் ஒரு வரியில் அந்தப் பழைய மாற்றத்தின் அடையாளத்தில் முதல் பன்னிரண்டு எழுத்துகளையும் அதன் தலைப்பையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படி ஓர் அடையாளம் இருப்பது, 2005 ஏப்ரலில் டோர்வால்ட்ஸே எழுதத் தொடங்கிய கிட் என்ற பதிவேட்டு மென்பொருளின் உபயம். அதுவரை கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற தனியுரிமை மென்பொருளின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதே அது பிறக்கக் காரணம்.

குறிப்பின் முடிவில் சைன்டு-ஆஃப்-பை என்று தொடங்கி, அனுப்புபவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வரும் ஒரு வரி கட்டாயம். இதை வெறும் கையொப்பம் என்று எண்ணிவிடக் கூடாது. 2003 மார்ச்சில் எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம் தனக்கு உரிமையுள்ள யூனிக்ஸ் நிரலை லினக்ஸில் கலந்துவிட்டதாகக் குற்றம்சாட்டி ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தபோது, கெர்னலின் எந்த வரி யாரிடமிருந்து, எந்த உரிமையோடு வந்தது என்பதற்குச் சீரான பதிவு இல்லாத குறை வெளிப்பட்டது. அதன் விளைவாக 2004-இல் தோற்ற உறுதிச் சான்று என்ற சிறு ஆவணம் உருவாக்கப்பட்டது. தான் அனுப்புவது தானே எழுதியது அல்லது உரிய திறமூல உரிமத்தின்கீழ் தனக்குக் கிடைத்தது, அதை வெளியிடத் தனக்கு உரிமை உண்டு என்று அனுப்புபவர் அந்த ஒரு வரியால் உறுதியளிக்கிறார். பேட்ச் கைமாறும்போது, அதை ஏற்று மேலே அனுப்பும் ஒவ்வொரு பராமரிப்பாளரும், அதாவது கெர்னலின் ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்றிருப்பவரும், தன் வரியை அடியில் சேர்ப்பதால், எழுத்துப்பிழைத் திருத்தம்கூட யார் கைவழியே வந்தது என்ற முழு வரலாற்றோடு பதிவாகிறது. பெயரற்ற பங்களிப்புக்கு இங்கே இடமில்லை.

யாருக்கு அனுப்புவது என்பது அடுத்த சிக்கல். மெயின்டெய்னர்ஸ் என்ற நெடிய கோப்பில் எந்தக் கோப்புக்கு யார் பராமரிப்பாளர் என்பது எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தேடித் தருவதற்கென்றே பெர்ல் மொழியில் எழுதிய ஒரு சிறு நிரலும் மூலநிரலோடு வருகிறது. அனுப்புவது இன்றும் மின்னஞ்சலில், அதுவும் வண்ணமோ தடித்த எழுத்தோ இணைப்போ இல்லாத வெற்று உரையாகத்தான். பேட்சின் ஒவ்வொரு வரிக்கும் கீழேயே தம் ஐயத்தை எழுதிப் பதில் அனுப்பப் பராமரிப்பாளருக்கு அது வசதி. கெர்னலின் எழுத்துநடை விதிப்படி உள்தள்ளலுக்கு எட்டு எழுத்து அகலமுள்ள டேப் பயன்படுத்தப்படுகிறது. அன்றாட மின்னஞ்சல் மென்பொருள்களோ அந்த டேப்களை வெற்றிடங்களாக மாற்றிவிடும் அல்லது நீண்ட வரிகளை உடைத்துவிடும், உடனே பேட்ச் பொருந்தாமல் போய்விடும். அதனால்தான் முதலில் தனக்கே அனுப்பிப் பொருத்திப் பார்த்துவிட்டுப் பிறருக்கு அனுப்புமாறு கெர்னலின் ஆவணங்கள் அறிவுறுத்துகின்றன.

அனுப்பியபின் காத்திருக்க வேண்டும். பதில் வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். ஒரு வாரத்துக்குள் நினைவூட்டுவது நாகரிகம் அல்ல. திருத்தச் சொன்னால் திருத்தி இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று எண்ணிட்டு மறுபடி அனுப்ப வேண்டும். முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை குறிப்பின் முடிவைக் காட்டும் மூன்று சிறு கோடுகளுக்குக் கீழே எழுதினால் அது பராமரிப்பாளருக்குத் தெரியும், நிரந்தரப் பதிவில் ஏறாது. ஏற்கப்பட்டால் முதலில் அந்தப் பகுதிப் பராமரிப்பாளர் வைத்திருக்கும் மூலநிரல் பிரதியான கிளையிலும், பின்னர் எல்லாக் கிளைகளையும் நாள்தோறும் ஒன்றுசேர்த்துப் பார்ப்பதற்காக 2008-இல் ஸ்டீபன் ராத்வெல் தொடங்கிய லினக்ஸ்-நெக்ஸ்டிலும் சேர்ந்து, இறுதியில் டோர்வால்ட்ஸ் புதியவற்றை ஏற்கும் இரண்டு வாரச் சேர்க்கைக் காலத்தில் முதன்மை மரத்தை, அதாவது கெர்னலின் முதன்மை மூலநிரலை, அடைகிறது. அதைத் தவறவிட்ட சாதாரணத் திருத்தம் அடுத்த சுற்றுக்கு, அதாவது மேலும் இரண்டு மாதத்துக்குக் காத்திருக்கும்.

இவ்வளவு நடையும் ஓர் எழுத்துப்பிழைக்குத் தகுமா என்ற கேள்வி கெர்னல் குழுவுக்குள்ளேயே பலகாலமாக உண்டு. ஒரு காலத்தில் அதற்கெனத் தனி ஏற்பாடே இருந்தது. ரஸ்ட்டி ரஸ்ஸல் தொடங்கி, பின்னர் ஏட்ரியன் பங்க், யிரி கோசினா ஆகியோர் கவனித்துவந்த டிரிவியல் என்ற கிளை, பார்த்தவுடனே சரி என்று சொல்லிவிடக்கூடிய திருத்தங்களைத் திரட்டி மொத்தமாக மேலே அனுப்பிவந்தது. ஆவணங்களிலுள்ள எழுத்துப்பிழை, கம்பைலர் எச்சரிக்கை, கைவிடப்பட்ட சார்புகளின் பயன்பாடு, பழைய தொடர்பு விவரம் போன்றவை அதன் எல்லைக்குள் வந்தன. சார்பின் பெயரிலுள்ள எழுத்துப்பிழையும் அதில் அடங்கியது; அத்தகைய பிழை சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதையே தடுத்துவிடும் என்ற நடைமுறைக் காரணம் அதற்கு இருந்தது. 2008-இல் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோ-ஹார்ட்மன் ஏற்படுத்திய ஸ்டேஜிங் என்ற பகுதி வேறொரு வாசல். தரம் இன்னும் தேறாத டிரைவர்களை அங்கே சேர்த்து, ஒவ்வொன்றோடும் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலையும் வைத்தார்கள். எழுத்துநடையைச் சீர்படுத்துவது மற்ற இடங்களில் தொல்லை, அங்கே வரவேற்புக்குரியது. இன்று பெயர்பெற்ற பலர் அந்த வாசல்வழியே நுழைந்தவர்கள்.

பிழையைத் தேடித் தரும் கருவிகளும் வந்துசேர்ந்தன. செக்பேட்ச் என்ற நிரல் வரியின் நீளம், இடைவெளி, அடைப்புக்குறி வைக்கும் இடம் ஆகியவற்றைச் சோதிக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பின் லின்டியன் கருவியிலிருந்து எடுத்து விரித்த எழுத்துப்பிழைப் பட்டியலைக்கொண்டு சொற்களையும் சோதிக்கிறது. புதிதாக எழுதும் நிரலைச் சரிபார்க்கவே அது உருவானது என்றாலும், எந்தப் பழைய கோப்பின் மீதும் அதை ஓட்டி நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளைப் பெற முடியும் என்பதைக் கண்டுகொண்டவர்கள், அவற்றை ஒவ்வொன்றாகப் பேட்ச் ஆக்கி அனுப்பத் தொடங்கினார்கள். கெர்னலின் வளர்ச்சிமுறையை விளக்கும் அதிகாரபூர்வ ஆவணமே இத்தகைய பேட்ச்கள் வீண்சத்தத்தை உண்டாக்குவதாகவும் அவற்றின் மதிப்பு குறைந்துவருவதாகவும் வெளிப்படையாகச் சொல்கிறது. இதில் அகம்பாவம் எதுவும் இல்லை. வெற்றிடத்தை மட்டும் மாற்றிய ஒரு வரிக்கு, அதை உண்மையில் எழுதியவரின் பெயருக்குப் பதிலாக வெற்றிடத்தை மாற்றியவரின் பெயரையே பதிவேடு முதலில் காட்டும். பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய பதிப்புகளுக்குக் கொண்டுபோக முயல்பவருக்கோ சூழல் வரிகள் மாறியிருப்பதால் அது பொருந்தாது, கையால் பொருத்த நேரும். வெளியான பதிப்புக்குத் திருத்தங்களை மட்டும் சேர்த்து வெளியிடும் பராமரிப்புப் பதிப்புகளின் விதிகள் எழுத்துப்பிழை, வெற்றிடச் சீராக்கம் போன்றவற்றைப் பெயர்சொல்லி விலக்கியிருப்பதும், அங்கே சேரும் திருத்தம் சூழலோடு நூறு வரியைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டிருப்பதும் இதே காரணம் பற்றியே. வரியின் நீளம் எண்பதைத் தாண்டினால் எச்சரித்துவந்த செக்பேட்ச், 2020-இல் நூறு என்று தளர்த்தப்பட்டபோது, அதுவரை எண்பதுக்காக உடைத்து அனுப்பப்பட்ட வரிகளின் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

எச்சரிக்கையை அடக்குவதற்காக மட்டும் செய்யும் திருத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கெர்னலுக்கு வெளியே ஒரு பாடம் உண்டு. 2006-இல் டெபியன் இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்.எஸ்.எல். என்ற குறியாக்க மென்பொருளில், தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகம் வாசிக்கப்படுவதாக வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையைப் போக்க, இரண்டு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அதைச் செய்தவர் ஓப்பன்எஸ்.எஸ்.எல். குழுவினரிடம் முன்கூட்டியே விசாரித்தும் இருந்தார், அவர்கள் தடுக்கவில்லை. அவற்றுள் ஒரு வரிதான் இரகசியச் சாவிகளை உருவாக்குவதற்கான ஊகிக்க முடியாத தன்மையை உள்ளே கொண்டுவந்த வழி என்பது 2008 மே மாதம் வெளிப்பட்டது. அதுவரை அந்த இயங்குதளத்தில் உருவான சாவிகள் ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடும் ஏறத்தாழ 32,000 செயல் எண்களில் ஒன்றை மட்டுமே சார்ந்திருந்ததால், எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிட முடிந்தது. உலகெங்கும் சாவிகளை மாற்ற வேண்டியிருந்தது. எச்சரிக்கை தவறானது அல்ல, திருத்தியவரும் கவனமற்றவர் அல்லர். அந்த வரி அங்கே ஏன் இருந்தது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

சிறியதாக இருப்பதாலேயே கண்ணுக்குத் தப்பலாம் என்று எண்ணியவர்களும் இருந்திருக்கிறார்கள். 2003 நவம்பரில் கெர்னல் மூலநிரலின் ஒரு பிரதியில் யாரோ ஊடுருவி இரண்டு வரிகளைச் சேர்த்தார்கள். முதன்மைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, எந்த ஒப்புதலும் இல்லாமல் அங்கே ஒரு மாற்றம் இருப்பது தெரியவந்தது. ஒரு நிரல் தான் தொடங்கிய சேய்ச் செயலுக்காகக் காத்திருக்கும் சார்பில், பொருந்தாத இரண்டு விருப்பங்களை ஒருசேரக் கேட்டால் பிழை என்று சொல்லும் சாதாரணச் சோதனைபோல அது தோன்றியது. பயனரின் எண் சுழியமா என்று கேட்கும் இடத்தில் மட்டும், ஒப்பிடுவதற்குரிய இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக மதிப்பை மாற்றும் ஒற்றைச் சமக்குறி இருந்தது. சுழியம் என்பது எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகியின் எண். அந்த இரண்டு விருப்பங்களோடு அழைக்கும் எவரும் ஓசையின்றி நிர்வாகியாகிவிடும்படி எழுதப்பட்ட வரி அது. வெளியீட்டுக்குப் போகுமுன்பே அது நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் நடந்தது வேறுவகை: மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிறு பழுதுபார்ப்புபோல் தோன்றும், ஆனால் உள்ளே குறை புதைத்த பேட்ச்களைச் சோதனைக்காக அனுப்பியிருந்தது தெரியவந்ததும், கிரெக் குரோ-ஹார்ட்மன் அப்பல்கலைக்கழகத்திலிருந்து இனி எதையும் ஏற்பதில்லை என்று அறிவித்தார். லினக்ஸ் அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஆராய்ந்தபோது, குறை புதைத்த பேட்ச் எதுவும் கெர்னலில் சேரவில்லை என்று தெரிந்தது. ஆய்வாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அதுபற்றிய தம் ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஆயினும் அங்கிருந்து முன்னர் நல்லெண்ணத்தோடு வந்த நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்களையும் மறுபடி வாசிக்கும் வேலை பராமரிப்பாளர்களின் தலையில் விழுந்தது. ஆய்வின் செலவைச் சுமந்தவர்கள் ஆய்வுக்கு உடன்படாதவர்கள் என்பதே பராமரிப்பாளர்களின் கோபத்துக்கான நியாயம்.

திருத்தவே கூடாத பிழைகளும் உண்டு. கெர்னலுக்குள் இருக்கும் சார்பின் பெயரை மாற்றலாம், எல்லா இடத்திலும் சேர்த்து மாற்றினால் போதும். பயனர் நிரல்கள் நேரடியாக அழைக்கும் பெயரையோ அவை வாசிக்கும் கோப்பின் பெயரையோ மாற்ற முடியாது, ஏனெனில் பழைய நிரல் புதிய கெர்னலிலும் ஓட வேண்டும் என்பது டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. புதிய கோப்பு உருவாக்கும் கிரியேட் என்ற அழைப்பின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி எழுத்து இல்லாமல் யூனிக்ஸ் காலத்திலிருந்து அப்படியே தொடர்வது அதனால்தான். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்ற கேள்விக்கு, அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ஸன் அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்று பதிலளித்ததாகச் சொல்வார்கள்.

ஒரே வகைச் சிறு திருத்தத்தை ஆயிரம் இடத்தில் செய்யவேண்டியபோது மனிதர் ஒவ்வொன்றாக அனுப்புவது வீண் என்பதை உணர்ந்து, ஜூலியா லாவலும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய கோக்சினெல் என்ற கருவி வேறு வழி காட்டியது. நினைவகம் வாங்கி, அடுத்த வரியில் அதைச் சுழியத்தால் நிரப்பும் இரண்டு அழைப்புகள் எங்கெல்லாம் சேர்ந்து வருகின்றனவோ அங்கெல்லாம் இரண்டையும் செய்யும் ஒரே அழைப்பை இடு என்று மாற்றத்தின் வடிவத்தைச் சொல்லிவிட்டால், மாறியின் பெயரும் இடைவெளியும் எப்படி இருந்தாலும் அக்கருவி கண்டுபிடித்து மாற்றிவிடும். இத்தகைய விதிகளின் தொகுப்பு கெர்னல் மூலநிரலோடே வைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் கருவி சுட்டிக்காட்டும் ஒவ்வொரு இடத்தையும் மனிதர் வாசித்துப் பார்த்தே அனுப்ப வேண்டும். கருவியின் பெயரைக் குறிப்பில் எழுதுவதால் பொறுப்பு கருவிக்கு மாறிவிடுவதில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு மூத்த கெர்னல் பராமரிப்பாளர் ஆண்ட்ரூ மார்ட்டன் சொன்ன அறிவுரை கெர்னல் ஆவணத்தில் இடம்பெற்றிருக்கிறது: கைக்கு எட்டிய கணினிகளில் எல்லாம் கெர்னல் குறையின்றி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாத இடத்தைப் பிறரோடு சேர்ந்து சரிசெய்வதே முதல் வேலை. செக்பேட்ச் காட்டும் எச்சரிக்கையை ஒருமுறை திருத்தி அனுப்பி, மின்னஞ்சலும் குறிப்பும் கையெழுத்தும் பழகிக்கொள்வதில் தவறில்லை. பத்தாவது முறையும் அதையே செய்பவர் பராமரிப்பாளரின் பொறுமைக்குச் செலவு வைக்கிறார். சொந்த மடிக்கணினியில் ஒலி வராத காரணத்தைத் தேடி ஒரு வரியை மாற்றுபவர், ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கான பதிலை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார். அவர் அனுப்புவது எத்தனை சிறியதானாலும் வாசிக்கப்படுகிறது. ஏற்கப்பட்டபின்னும் அவருடைய பங்கு முடிவதில்லை. அந்த வரியால் வேறொருவரின் கணினி நின்றுபோனால், அதைச் சரிசெய்ய வரும் அடுத்த பேட்சின் ஃபிக்ஸஸ் வரியில் அவருடைய மாற்றத்தின் பன்னிரண்டு எழுத்துகள் இருக்கும். யாருக்கு அனுப்புவது என்று தேடித் தரும் அந்தச் சிறு நிரலும், பராமரிப்பாளர்களின் பெயர்களோடு அவருடைய பெயரையும் சேர்த்தே காட்டும்.